நான்கு முளைகளும் ஒரு கயிறும்: விவரணப் புள்ளியியலா, அனுமானப் புள்ளியியலா?

சேரன்மகாதேவிக்கு அருகே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு வயலில், பிசானப் பருவ நெல் அறுவடையின்போது நடந்த பயிர் அறுவடைப் பரிசோதனையை வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். எந்தப் புல எண், அதில் எந்த வயல் என்பதெல்லாம் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு, குலுக்கல் போல, முன்பே முடிவாகியிருந்தது. வந்த அலுவலர் வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, நீளவாட்டில் இத்தனை காலடி, அகலவாட்டில் இத்தனை காலடி என்று தம் தாளில் குறித்திருந்தபடியே நடந்து, போய் நின்ற இடத்தில் முதல் முளையை அடித்தார். பிறகு மற்ற மூன்று முளைகளையும் அடித்து, பக்கத்துக்கு 5 மீட்டர் வரும்படி கயிறு கட்டி, குறுக்கே மூலைக்கு மூலை 7 மீட்டரும் 7 சென்டிமீட்டரும் வருகிறதா என்று பிடித்துப் பார்த்தார். அது சரியாக வராவிட்டால் சதுரம் கோணிவிட்டது என்று பொருள். கயிற்றுக்குள் இருந்த தூர்கள் மட்டும் அறுக்கப்பட்டன. தார்ப்பாயில் அடித்து, தூற்றிப் பதர் நீக்கி, தராசில் வைத்தார்கள். 25 சதுர மீட்டர் நெல்லின் எடை ஒரு காகிதத்தில் ஏறியது. அதை 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கான மகசூல் கிடைக்கும்.

அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரர் கேட்டார்: “என் வயல விட்டுட்டு அடுத்தவரு வயல அறுத்து நிறுத்தா, அது எனக்கு எப்படி அண்ணாச்சி கணக்காவும்?”

விவரணப் புள்ளியியலுக்கும் அனுமானப் புள்ளியியலுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தராசில் நின்ற எடை ஒரு விவரணம். அந்தச் சதுரத்தில் இவ்வளவுதான் விளைந்தது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. அந்த எடையைக் கொண்டு ஊருக்கே இவ்வளவு விளைச்சல் என்று சொல்லும் கணத்தில் அது அனுமானமாகிவிடுகிறது. பார்த்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பார்க்காததைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அப்படிப் பேசுவதற்கு அவருக்கு உரிமை உண்டா, உண்டென்றால் எந்த அளவுக்கு, எவ்வளவு தவறலாம் என்று அளந்து சொல்வதுதான் அனுமானப் புள்ளியியலின் வேலை. பாடநூல்களில் சிலர் இதனை உய்த்துணர் புள்ளியியல் என்றும் எழுதுகிறார்கள்.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஆய்வேடு எழுதும் மாணவர்களும், உழவர் குழுக்களின் செயலாளர்களும், கூட்டுறவுச் சங்கக் கணக்கர்களும் கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, இந்த எண்களுக்கு இரண்டில் எதைப் பயன்படுத்துவது என்று கேட்பது வழக்கம். சராசரியும் விழுக்காடும் பள்ளிக்கூடத்துச் சரக்கு, சோதனைகளும் அட்டவணைகளும் மேற்படிப்புச் சரக்கு என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலும் அந்தக் கேள்வி வருகிறது. நான் அப்படிப் பார்ப்பதில்லை. எதைக் குறித்து முடிவெடுக்கப் போகிறோமோ அது முழுவதும் அந்த நோட்டுக்குள்ளேயே இருக்கிறதா, இல்லையா? நோட்டில் இருப்பவை எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தன? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் எதைப் பயன்படுத்துவது என்பது தானே முடிவாகிவிடும். விடை தெரியாவிட்டால் எந்த மென்பொருளும் கைகொடுக்காது.

முதலில் விவரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சங்கத்தில் 60 உறுப்பினர்கள் இருந்து, அறுபது பேருடைய கண்டுமுதலும் பதிவாகியிருந்து, சங்கத்தின் இந்த ஆண்டு ஈவுத்தொகையை எப்படிப் பிரிப்பது என்பதுதான் முடிவு என்றால், அங்கே அனுமானத்துக்கு இடமே இல்லை. முழுமைத் தொகுதி, அதாவது முடிவு யாரைப் பற்றியதோ அவர்கள் அத்தனை பேரும், கண்முன் இருக்கிறார்கள். திட்டப்பிழை, நம்பிக்கை இடைவெளி, மிகைகாண் சோதனை என, பார்க்காததைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு தவறலாம் என்று அளக்கும் கருவிகளில் எதைப் போட்டாலும் அது அலங்காரம்தான். அறுபது பேரில் நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து மதிப்பிடலாமா என்று கேட்பவர்களிடம், மீதி இருபது பேருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.

ஆனால் விவரணம் எளிது என்று எண்ணி அலட்சியமாகச் செய்தால் அதுவும் பொய் சொல்லும். ஒரு கணக்குக்காக, கால்வாயின் ஒரே கிளையில் பாசனம் பெறும் ஏழு பேருடைய மகசூல், ஏக்கருக்கு மூட்டைக் கணக்கில், 34, 33, 32, 31, 30, 9, 6 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 175, சராசரி 25. ஏழு பேரில் ஒருவருக்குக்கூட 25 மூட்டையோ அதற்கு அருகிலோ கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடைநிலை அளவு, அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் எண், 31. அது தலைமடைக்காரர்களின் நிலையைச் சரியாகச் சொல்கிறது, கடைமடையில் தண்ணீர் எட்டாமல் போன இருவரை அடியோடு மறைத்துவிடுகிறது. இங்கே செய்யத்தக்க விவரணம் ஒற்றை எண்ணே அல்ல. ஏழு எண்களையும் மடைவரிசையில் எழுதிக் காட்டுவதுதான். தண்ணீர் விடுவது பற்றிய முடிவுக்கு அந்த வரிசை போதும். சராசரியைச் சொல்லும்போதே பரவலையும் சொல்ல வேண்டும் என்று பாடநூல் கூறுவதன் பொருளை, கடைமடையில் நிலம் வைத்திருப்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் இதே கண்ணோடு பார்க்கலாம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்தப் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம். அந்த மாதத்தின் மழையை 31-ஆல் வகுத்து நாள் சராசரி என்று ஓர் எண்ணைத் தந்தால், அந்த எண் கணக்கில் பிழையற்றது, வாழ்வில் ஒன்றுக்கும் உதவாதது. தாமிரபரணி கரை உடைத்து வந்த நாளைச் சொல்ல உச்ச அளவுதான் வேண்டும். விவரணத்தில் தேர்வுக்கு இடமில்லை என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்; எந்த அளவையைக் காட்டுவது, எதை விடுவது என்பதில் விவரணம் செய்பவரின் பொறுப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முழுமைத் தொகுதி எது என்பதுகூட எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு திருநெல்வேலி மாவட்டத்துக்குத் தந்த எண் 30,77,233. வீடு வீடாக எண்ணியது, முழுமையான விவரணம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதன் பிறகும் அந்த எண்ணை அப்படியே எடுத்து இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கிறேன். எண் மாறவில்லை, அது குறித்த நிலம் மாறிவிட்டது. எல்லையைச் சரிசெய்து, வட்டங்களைப் பிரித்துக் கூட்டிய பிறகும், 2011-இன் எண்ணை இன்றைக்குப் பொருத்துகிறவர் விவரணம் செய்யவில்லை. ஆண்டுகளைத் தாண்டி அவர் அனுமானிக்கிறார். அனுமானிக்கிறோம் என்று ஒப்புக்கொள்ளாமல் செய்கிறார் என்பதுதான் குறை. முழுக் கணக்கெடுப்பும்கூட, அது எடுக்கப்பட்ட நாளுக்கு மட்டுமே விவரணம்.

இனி அந்த வரப்புக்கே திரும்புவோம், ஏனென்றால் அனுமானத்தின் அருமையும் ஆபத்தும் அங்கேதான் நன்றாகத் தெரிகின்றன. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு முக்கியப் பயிருக்குக் கிராம ஊராட்சி அளவில் குறைந்தது 4 அறுவடைப் பரிசோதனைகள் நடக்க வேண்டும். நான்கு சதுரங்கள் சேர்ந்தால் 100 சதுர மீட்டர். ஒரு கல்யாண வீட்டுப் பந்தல் அளவுகூட இல்லை. அந்தப் பரப்பில் கிடைத்த நெல், ஊரின் மொத்த வயலுக்காகவும் பேசுகிறது. மறுபுறம், உத்தரவாத மகசூல் என்று ஒன்று இருக்கிறது. முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி மகசூலை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 விழுக்காடு என அந்தப் பகுதிக்கு நிர்ணயிக்கப்பட்ட அளவைக் கணக்கிடுவார்கள். இந்த ஆண்டின் மகசூல் அதற்குக் கீழே போனால், குறைந்த விழுக்காட்டுக்கு ஏற்ப இழப்பீடு. ஒரு பக்கத்தில் பழைய பதிவேட்டின் விவரணம், மறுபக்கத்தில் நான்கு சதுரங்களின் அனுமானம். இரண்டையும் கழித்துப் பார்த்த மீதிதான் உழவரின் கைக்கு வரும் பணம். பழைய பதிவேட்டில் உள்ளவையும் ஒரு காலத்தில் இதே போன்ற சதுரங்களிலிருந்து வந்தவைதாம் என்பதை எண்ணினால், அனுமானத்தின் மேல் கட்டிய விவரணம் அது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. நான்கு சதுரங்களில் 9.6, 12.8, 11.4, 13.0 கிலோ கிடைத்தது. சராசரி 11.7 கிலோ, 400-ஆல் பெருக்க, ஹெக்டேருக்கு 4,680 கிலோ. உத்தரவாத மகசூல் 5,000 கிலோ என்றால் குறைவு 320 கிலோ, அதாவது 6.4 விழுக்காடு. அலுவலகக் கணக்கு இத்துடன் முடிந்துவிடும். விவரணமாக மட்டும் பார்த்தால் அதில் குற்றமும் இல்லை.

அனுமானமாகப் பார்க்கத் தொடங்கினால்தான் அடுத்த கேள்வி எழும்: வேறு நான்கு சதுரங்கள் அமைந்திருந்தால் என்ன வந்திருக்கும்? நான்கு எடைகளும் சராசரியிலிருந்து விலகும் தூரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 7.40. இதை நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், பரவலை அளக்கும் திட்டவிலக்கம் 1.36, மூன்றால் வகுத்து எடுத்தால் 1.57. கால்குலேட்டரில் இதற்கு இரண்டு தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். எது எதற்கு என்று கேட்காமலே பல மாணவர்கள் ஏதாவது ஒன்றை அழுத்திவிடுகிறார்கள். இந்த நான்கு சதுரங்களோடு நம் அக்கறை முடிந்துவிடுமானால் நான்கால் வகுக்க வேண்டும், அது விவரணம். ஊரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் மூன்றால் வகுக்க வேண்டும், அது அனுமானம். எடைகளின் விலகலை, அந்த எடைகளிலிருந்தே பிறந்த சராசரியைக் கொண்டு அளக்கும்போது விலகல் சற்றுச் சிறியதாகவே தெரியும். ஊரின் உண்மையான சராசரி எங்கே இருக்கிறதோ, அதிலிருந்து அளந்தால் இன்னும் கூடுதலாகத்தான் வரும். ஒன்றைக் குறைத்து வகுப்பது அந்தக் குறையை ஈடுகட்டுவதற்கு. இரண்டு புள்ளியியல்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வகுத்தலில் காட்டும் இடம் இதைப் போல இன்னொன்று எனக்குத் தெரியவில்லை.

1.57-ஐ நான்கின் வர்க்கமூலமான இரண்டால் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது அந்தச் சராசரி எவ்வளவு தள்ளாடலாம் என்ற அளவு, 0.785 கிலோ. கூறு, அதாவது முழுமையிலிருந்து எடுத்துப் பார்த்த பகுதி, பெரிதாக இருந்தால் இதை 1.96-ஆல் பெருக்கி 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியைச் சொல்லிவிடலாம். நான்கு மட்டுமே இருக்கும்போது அது போதாது என்று கண்டவர், டப்ளின் நகரில் கின்னஸ் மது ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட். பார்லியையும் மதுவையும் சில மாதிரிகளைக் கொண்டே மதிப்பிட வேண்டிய வேலை அவருக்கு. 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் சிறு கூறுகளுக்கான இந்தக் கணக்கு வளர்ந்தது. நான்கு சதுரங்களுக்கு உரிய பெருக்கி 3.182. அதன்படி ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,000 கிலோ இப்பக்கமோ அப்பக்கமோ போகலாம். ஆகவே ஊரின் மகசூல் 3,680 கிலோவிலிருந்து 5,680 கிலோ வரை எங்கேயும் இருக்கக்கூடும். கீழ் எல்லை உண்மையானால் குறைவு 26 விழுக்காட்டுக்கு மேல். மேல் எல்லை உண்மையானால் குறைவே இல்லை, இழப்பீடும் இல்லை. 6.4 என்ற எண்ணின் தசமப் புள்ளியைப் பார்த்து அது துல்லியமானது என்று நம்பியவருக்கு இந்த இடைவெளி அதிர்ச்சி தரும், தரவும் வேண்டும்.

சதுரங்களை 16 ஆக்கினால் என்ன ஆகும்? பரவல் அதே அளவில் இருக்குமானால், திட்டப்பிழை பாதியாகும், பெருக்கியும் 2.131-ஆகக் குறையும், இப்பக்கமோ அப்பக்கமோ போகக்கூடிய 1,000 கிலோ 335 கிலோவுக்கு இறங்கிவிடும். செலவு நான்கு மடங்கு, ஐயம் மூன்றில் ஒரு பங்கு. விவரணத்துக்கும் அனுமானத்துக்கும் இடையே தேர்ந்தெடுப்பதைவிட, எத்தனை சதுரம் என்று தேர்ந்தெடுப்பதுதான் பல நேரங்களில் பெரிய முடிவு. அந்த முடிவுக்கு எண்ணளவில் வழிகாட்டக்கூடியது அனுமானம் மட்டுமே. விவரணத்தால் நான்கு சதுரங்களின் சராசரியையும் பதினாறு சதுரங்களின் சராசரியையும் ஒரே மாதிரியான இரண்டு எண்களாகத்தான் காட்ட முடியும்.

பக்கத்து வயல்காரரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அவருடைய வயலும் அந்தப் பரிசோதனையில் விழுந்திருக்க வாய்ப்பு இருந்தது. யாருடைய விருப்பத்தாலும் அந்த வாய்ப்பு கூடவோ குறையவோ இல்லை. அதனால்தான் அடுத்தவர் வயலின் நெல் அவருக்காகவும் பேச முடிகிறது. ஊரின் சராசரியைப் பற்றித்தான் அது பேசுகிறது, அவருடைய தனி வயலைப் பற்றி அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் வயல் மட்டும் கருகிப்போயிருந்தால், இந்தக் கணக்கில் அவருக்கு ஆறுதல் இல்லை. அது திட்டத்தின் வடிவமைப்பைப் பற்றிய வேறு வழக்கு.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் பழமொழியை இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துவருவார்கள். கொதித்துப் புரளும் பானைக்குத்தான் அது பொருந்தும். கிளறாமல் அடிப்பிடித்த பானைக்கு மேலே எடுத்த சோறு பதம் சொல்லாது. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்கும் வியாபாரிகள் இதை நன்றாக அறிந்தவர்கள். சிப்பத்தின் வாயில் இருக்கும் கருப்பட்டியை அவர்கள் உடைப்பதில்லை. கையை அடிவரை விட்டு ஒன்றை உருவி, உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்து, ஒரு துணுக்கை நாக்கில் வைத்த பிறகுதான் விலை பேசுவார்கள். எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்துவிட்டால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்பதால் அங்கே அனுமானம் கட்டாயம். எடுத்துக்காட்டுவதற்கென்றே மேலே வைத்ததை நம்பக் கூடாது என்பதால் கை அடிவரை போவதும் கட்டாயம்.

இந்த இரண்டாவது கட்டாயத்தை மறந்த ஆய்வேடுகள்தான் என் கைக்கு அதிகம் வருகின்றன. மேலப்பாளையம், முக்கூடல் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களின் உடல்நலம் குறித்து ஒரு மாணவர் 120 பேரிடம் வினாநிரல் நிரப்பி வந்திருந்தார். எங்கே சந்தித்தார் என்று கேட்டேன். இலையும் தூளும் வாங்க, சுற்றிய பீடியை ஒப்படைக்க, பீடிக்கடைக்கு வந்தவர்களை அங்கேயே உட்காரவைத்துக் கேட்டதாகச் சொன்னார். கடைக்கு நடந்து வர முடிந்தவர்கள் அவர்கள். இருமலாலும் இடுப்பு வலியாலும் வீட்டோடு கிடப்பவர்களின் பீடியை மகளோ பேத்தியோ கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். உடல்நலத்தைப் பற்றிய ஆய்வில், உடல்நலம் கெட்டவர்கள் விடுபடும் இடத்தில் நின்று கூறு எடுக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் அவர், இரண்டு பண்புகளுக்கு இடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் கைவர்க்கச் சோதனையை நடத்தி, வயதுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று மாவட்டத்துக்கே தீர்ப்பு எழுதியிருந்தார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அந்த 120 பேரைப் பற்றிய சராசரியும் விழுக்காடும் தந்து, எங்கே எப்படிச் சந்தித்தேன் என்பதையும் எழுதி, அங்கேயே நிறுத்தியிருந்தால் அது நேர்மையான, பயனுள்ள விவரணமாக இருந்திருக்கும். சோதனை இல்லாவிட்டால் ஆய்வேட்டை ஏற்கமாட்டார்கள் என்று அவர் சொன்னார். அந்த அச்சம்தான் பல நல்ல விவரணங்களை மோசமான அனுமானங்களாக்கிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

எண்ணிக்கை பெரிதானால் இந்தக் குறை தீரும் என்பாரும் உண்டு. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறக்குறைய ஒரு கோடி அஞ்சல் வாக்குச்சீட்டுகளை அனுப்பி, ஏறக்குறைய 24 லட்சம் பதில்களைப் பெற்று, வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் பெரும் வித்தியாசத்தில். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான முகவரிகளை எடுத்ததும், விருப்பமுள்ளவர்கள் மட்டும் பதில் எழுதியதும் சேர்ந்து செய்த வேலை அது. அதைவிட மிகச் சிறிய கூறோடு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். 24 லட்சம் பதில்களுக்குத் திட்டப்பிழை கணக்கிட்டால் அது மிக நுண்ணியதாக வரும். நுண்ணிய திட்டப்பிழையும் பெருந்தவறும் ஒரே கூறில் ஒன்றாகக் குடியிருக்க முடியும்.

அறுவடைச் சதுரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சதுரம் ஏன் 5 மீட்டர், ஒரு மீட்டர் போதாதா என்று கேட்கலாம், அறுப்பதும் எளிது. 1940-களில் இந்தியப் புள்ளியியலாளர்களிடையே நடந்த பெரிய விவாதம் இது. மகலனோபிசு சிறு சதுரங்களின் பக்கம் நின்றார், பி. வி. சுகாத்மே சிறு சதுரங்கள் மகசூலைக் கூட்டிக் காட்டுகின்றன என்றார். கயிற்றின் மேலேயே நிற்கும் தூர் உள்ளா வெளியா என்ற ஐயம் வரும்போது, அறுக்கிறவரின் கை அதை உள்ளே சேர்த்துக்கொள்ளத்தான் விரும்பும். ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4 மீட்டர் கயிறு. 5 மீட்டர் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 80 சென்டிமீட்டர் கயிறுதான். கயிறு குறையும்போது கைத்தவறும் குறைகிறது. இந்தத் தவறு எப்போதும் ஒரே திசையில் விழுவதால், சதுரங்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் அது போகாது. எந்த நம்பிக்கை இடைவெளியும் அதைக் காட்டிக்கொடுக்காது. மூலைவிட்டத்தை அந்த அலுவலர் பிடித்துப் பார்த்தாரே, அதுவும் இந்த வகைத் தவறைத் தடுப்பதற்குத்தான்.

ஆகவே தேர்வு செய்ய வேண்டியவருக்கு நான் சொல்லக்கூடியது இது. தொகுதி சிறியது, எல்லோரையும் எட்ட முடியும், முடிவும் அவர்களைப் பற்றியதே என்றால் விவரணத்தோடு நில்லுங்கள். தொகுதி பெரியது, ஆனால் கூறைச் சமவாய்ப்பாக எடுக்க உங்களிடம் பட்டியலும் ஆளும் இருக்கிறது என்றால் அனுமானத்துக்குப் போங்கள். எண்ணைச் சொல்லும்போது அதன் இடைவெளியையும் சேர்த்தே சொல்லுங்கள். தொகுதி பெரியது, கூறோ கிடைத்தவர்களைக் கொண்டு சேர்த்தது என்றால், விவரணம்தான் செய்ய முடியும். அனுமானத்தை மனத்தில் வைத்துக்கொண்டு விவரணத்தை எழுதும் ஆசையையும் அடக்க வேண்டும். நான்காவதாக ஒரு நிலை உண்டு. நோட்டு முழுமையாக இருக்கிறது, எல்லோரும் அதில் இருக்கிறார்கள், ஆனால் கேள்வி அடுத்த ஆண்டைப் பற்றியது. ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து உழவர் குழு ஒன்று அப்படி ஒரு நோட்டோடு வந்தது. அந்தப் பகுதியில் பலகாலமாக விதைத்துவரும் அம்பை 16 ரகத்தை விட்டுப் புதிய ரகம் ஒன்றுக்கு மாறலாமா என்பது கேள்வி. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1986-இல் வெளியான ரகம் அம்பை 16. இட்லிக்கு இந்த அரிசிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். குழுவின் நோட்டில் உறுப்பினர் எல்லோருடைய மகசூலும் இருந்தது. புதிய ரகம் விதைத்தவர்களுக்கு ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடுதல். செயலாளர் அதோடு முடிவெடுக்கத் தயாராக இருந்தார். புதிய ரகம் விதைத்தவர்கள் யார் யார் என்று பெயர்களை வரிசையாகப் படிக்கச் சொன்னேன். பாதிப் பெயர் தாண்டும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. பெரும்பாலோர் தலைமடைக்காரர்கள், ஆழ்துளைக் கிணறும் வைத்திருப்பவர்கள், புதியதைத் துணிந்து முயல்வதற்கு வசதி உள்ளவர்கள். அந்த இரண்டு மூட்டை விதையால் வந்ததா, தண்ணீரால் வந்ததா என்பதை அந்த நோட்டால் சொல்லவே முடியாது. சென்ற பிசானத்தில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதற்கு அது முழுமையான விவரணம். எந்த விதையை விதைப்பது என்பதற்கு அது சாட்சியே அல்ல.

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1919 முதல் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், பல ஆண்டுகளாகக் குவிந்துகிடந்த பயிர்ப் பதிவேடுகளைப் புரட்டிய பிறகு வந்து சேர்ந்த இடமும் இதுதான்: பதிவேட்டைத் துருவுவதைவிட, எந்தப் பாத்திக்கு எதை இடுவது என்பதைச் சமவாய்ப்புக்கு விட்டுப் புதிதாக ஒரு சோதனையை அமைப்பது மேல். குழுவுக்கும் அதையே சொன்னேன். 12 பேர் தங்கள் வயலில் ஒன்றை இரண்டு பாதியாக வரப்பிட்டுப் பிரிக்கட்டும். ஒரு பாதியில் அம்பை 16, மறுபாதியில் புதிய ரகம். உரமும் தண்ணீரும் நாற்றின் வயதும் ஒன்றே. விதையால் வேறுபாடே இல்லை என்றால், எந்தப் பாதி முந்தும் என்பது ஒவ்வொரு வயலிலும் பூவா தலையா போடுவது போலத்தான். அப்படி 12 முறை போட்டதில் புதிய ரகத்தின் பக்கமே 10 முறையோ அதற்கு மேலோ விழுவதற்கான வாய்ப்பு 4,096-இல் 79, அதாவது நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. 9 முறையும் போதும் என்று தளர்த்தினால் 4,096-இல் 299 ஆகிவிடும், நூற்றுக்கு ஏழுக்கு மேல். 10 வயல்களில் புதிய ரகம் முந்தினால் மாறுவது, இல்லாவிட்டால் அம்பை 16-இலேயே இருப்பது என்று அறுவடைக்கு முன்பே, நாற்றங்காலுக்கும் முன்பே, குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். நெல்லை நிறுத்துப் பார்த்த பிறகு ஒன்பதே போதும் என்று யாரும் வாதாட வழியில்லாமல் இருப்பதற்காகவே அப்படி முன்கூட்டி எழுதினார்கள்.

ஒரே ஒரு தடை எழுந்தது. மடைவாய்க்கு அருகில் உள்ள பாதியில் புதிய ரகத்தைப் போட்டுவிடலாம், அதற்குத் தண்ணீர் நன்றாகக் கிடைக்கட்டும், புது விதைதானே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். செயலாளர் பதில் பேசாமல் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, பெயர்ப் பட்டியலில் முதல் வயலுக்கு முதல் முறையாகச் சுண்டினார்.